தம்பி மருந்து எடுப்பதில்லை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு ஒழுங்காக மூடாது. முழங்கையால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். அன்று தள்ளியதில் வெண்ணெய் டப்பா கவிழ்ந்து திறந்துகொண்டது. உள்ளே வெண்ணெய் இல்லை. மூன்று இன்சுலின் குப்பிகள் இருந்தன.

மாடியறையில் இருந்த என் தம்பியுடையவை. பதினான்கு வயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை நோய். ஊசி இல்லாமல் நான்கு நாள் தாங்காத வகை. ஆனால் ஞாயிறுதோறும் ஒரு வாடகை மண்டபத்தில் ஐந்நூறு பேர் முன்னால் நின்று, ஆறு வருடமாக மருந்தையே தொடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். குவாண்டம் விழிப்புணர்வாம். பார்த்தால் துகள் மாறுகிறதாம்; ஆகவே மனத்தால் உற்றுப் பார்த்தால் நோயும் மாறுமாம்.

நான் முப்பத்தொரு வருடம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவன். அங்கே பார்ப்பது கருவி. ஆள் டீ குடிக்கப் போய்விட்டாலும் கருவி பதிவு செய்துகொண்டிருக்கும். என் மனம் எப்படி இருக்கிறது என்று எந்த எலக்ட்ரானும் விசாரித்ததில்லை. ஒருமுறை மண்டபத்திலேயே எழுந்து இதைச் சொன்னேன்.

"எங்க அண்ணன்தாங்க. அவரும் ஒரு எலக்ட்ரான்தான். கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தா வழிக்கு வந்துடுவாரு," என்றான் தம்பி. மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் என் பழைய மாணவர்கள் இருவர். அவர்களும் சிரித்தார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை.

பொறுக்க முடியாதது எங்கள் தெருத் தையல்காரர் விஷயம். அவர் மனைவிக்கும் அதே நோய்; தம்பியின் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தினாள், செத்துப்போனாள். அவர் எங்கள் வாசலுக்கு வந்து, "படிச்ச குடும்பம்னு நம்பினோம் சார்," என்றார். எங்கள் வாசலில் நின்று யாரும் அப்படிப் பேசியதில்லை.

மருந்து எடுப்பதில்லை என்று தம்பி சொன்னான். அவன் சொல்லை உண்மையாக்கினேன், அவ்வளவுதான். குப்பிகளில் இருந்ததை எடுத்துவிட்டு உப்புநீர் நிரப்பினேன். ஆய்வகத்தில் பழகிய கை, தடம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் அவனுக்குத் தாகம் அடங்கவில்லை. இரட்டிப்பு அளவு போட்டுக்கொண்டிருந்தான். குப்பியைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் வாந்தி, மூச்சிரைப்பு. ஆம்புலன்ஸ் வந்து நின்றால் தெருவே பார்க்கும் என்று என்னைத்தான் கூப்பிட்டான்.

"அண்ணா, மருந்துல ஏதோ கோளாறு. யாருக்கும் தெரியாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"எந்த மருந்துப்பா? நீதான் எடுக்கிறதே இல்லையே."

"குத்திக் காட்டுற நேரமாண்ணா இது?"

தாளும் பேனாவும் கொடுத்தேன். ஐந்நூறு பேரிடம் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உடனே காரை எடுப்பதாகச் சொன்னேன். வீம்பு பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. படுத்தபடியே எழுதினான். தையல்காரரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டிருந்தான். கோணல் எழுத்து, இரண்டு பிழைகளைத் திருத்தினேன். பிறகு கையெழுத்தைப் பார்த்தேன். முதலெழுத்தோடு நிறுத்தாமல், தன் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரை முழுதாக எழுதியிருந்தான். ஏமாற்றினேன் என்ற வாக்கியத்துக்கு நேர் கீழே அப்பாவின் பெயர்.

"போலாமாண்ணா?" என்றான்.

காரை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். தாளை அடுப்பில் எரித்தேன். கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். சாயங்காலம் வரை மேலேயிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது.

தம்பி மருந்து எதுவும் எடுப்பதில்லை என்று, இறப்புச் சான்றிதழ் எழுத வந்த டாக்டரிடம் சொன்னேன். மண்டபத்து ஆட்களும் வந்து அதையே பெருமையாகச் சொன்னார்கள். அவர்கள் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருப்பார்கள். அது அந்த முட்டாள்களின் பாடு.

நீங்கள் குப்பிகளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். சரி. நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தான் என்பதை மட்டும் எழுத வேண்டாம். அது எங்கள் குடும்ப விஷயம்.