ரெண்டு மேஜை, ஒரே வரிசை

ஹலோ... ஹலோ, எங்கடா இருக்கே?... இன்னும் டீம் வண்டிக்குள்ளயேவா? ஆட்டோகிராஃப் நேரம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சு. அக்கா சொல்றதைக் கேளு, வெளியே வா... கேக்குது, கேக்குது. கத்தாதே.

ஆமா. ஆமா, உன்கூட ரேஸ் கார் ஓட்டுற அந்தச் சுருட்டை முடிக்காரன் மேஜையிலதான் கூட்டம். வரிசை கேட்டைத் தாண்டி நிக்குது... உன் மேஜைக்கா? ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் டாய்லெட் எந்தப் பக்கம்னு கேட்டார். இன்னொருத்தர் அவர்கூட வந்தவர்.

...சிரிக்கலடா. இது சிரிக்கிற விஷயமா? உங்க முதலாளி மாடி ஜன்னல்ல நின்னு ரெண்டு மேஜையையும் மாத்தி மாத்திப் பாத்துட்டிருக்கார். அடுத்த வருஷம் டீமுக்கு ஒரே காருதான்னு சொல்லிட்டாரில்ல? ஜனங்க யாரைத் தேடி வர்றாங்களோ அவனுக்குத்தான் அது.

ஆமா, ஏழு ரேஸ் ஜெயிச்சே. யாரு இல்லேன்னா?... தெரியும், சுருட்டை ஒண்ணுகூட ஜெயிக்கல. மூணு தடவை சுவத்துல முட்டினான். ஒரு தடவை பாதி வழியில கார் நின்னுபோய், இறங்கித் தள்ளிக்கிட்டே முடிவுக்கோட்டைத் தாண்டினான். அன்னிக்குதாண்டா அவனுக்கு ரசிகர் மன்றமே ஆரம்பிச்சாங்க.

நீ என்ன பண்றே? முதல்ல கெளம்புறே, முதல்ல வந்து சேர்றே. நடுவுல ஜனங்க எதுக்கு வெயில்ல உக்காந்திருக்கணும்?

...வர்றவங்ககிட்ட நல்லாப் பேசுறியா? நீ பேசுற லட்சணம் தெரியாதா எனக்கு? போன வாரம் ஒரு பொண்ணு கைக்குழந்தையை நீட்டி, போட்டோவுக்குத் தூக்கச் சொன்னா. நீ குழந்தையை விட்டுட்டு அதோட தள்ளுவண்டியைத் தூக்கிப் பாத்தே. 'முன்சக்கரம் இடது பக்கம் இழுக்குது'ன்னே... சரியாத்தான் சொன்னே. நானும் தள்ளிப் பாத்தேன், இழுக்கத்தான் செஞ்சுது. ஆனா அவ அதுக்கா வந்தா?

...ம். ம். சரி, அழாதே... அழலையா? அழுறதா இருந்தா வெளியே வந்து அழு. நாலு பேர் பாக்கட்டும்.

அம்மாவா?... இங்கதான் இருக்கா... இல்ல, ஃபோனை இப்ப குடுக்க முடியாது... எப்படிடா சொல்றது. வரிசையில நிக்கிறா... உன் மேஜைக்கு எதுக்குடா வரிசை? சுருட்டைகிட்டதான். சுவத்துல முட்டின கை ஆறிடுச்சான்னு கேக்கணுமாம். தைலம் வேற கொண்டுவந்திருக்கா.

கோவப்படாதே. நான் கேட்டேண்டா, 'பெத்த புள்ள இருக்கப்போ இது என்னம்மா'ன்னு. என்ன சொன்னா தெரியுமா? 'இவன் ஓட்டினா நான் நிம்மதியாத் தூங்கிடுறேன். அந்தப் புள்ள ஓட்டினாத்தான் கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன்'கிறா... அதைத்தான் இந்தக் கூட்டமும் சொல்லுது. உனக்காக யாரும் வேண்டிக்க வேண்டியதே இல்லையேடா.

...இரு. இரு, அம்மா முன்னால போயிட்டா. அவன்கிட்ட என்னமோ சொல்றா. உன் நாற்காலியைக் காட்டுறா... சுருட்டை எந்திரிச்சுட்டான். அம்மா கையைப் பிடிச்சு உன் மேஜைக்குக் கூட்டிட்டு வர்றான்டா. 'நம்ம சாம்பியனோட அம்மா, வழி விடுங்க'ங்கிறான்... நடிப்பா? நடிப்போ நெசமோ, மொத்த வரிசையும் பின்னாலயே வருது.

அட, இங்க நாற்காலி காலியா கெடக்கே. முதலாளி ஜன்னலைத் திறந்து எட்டிப் பாக்குறார்... தலை சீவ வேண்டாம். ஓடி வா. ஃபோனை வைக்காதே, அப்படியே ஓடி வா.

...ஆ, தெரியுறே. கதவைத் திறந்துட்டே. படியெல்லாம் ஈரம், பாத்து...

...ஹலோ? டேய், விழுந்துட்டியே... அடி பட்டுடுச்சா?... முட்டி மட்டும்தானே? ரத்தம்?... கொஞ்சமா. சரி, சரி.

இல்லடா, சிரிக்கல. நல்லா கேளு. கை தட்டுறாங்க... உனக்குத்தான். முன்னால ஒரு அம்மா ஐயோன்னு கண்ணைத் துடைச்சுக்குது. நம்ம அம்மா தைலத்தோட ஓடி வர்றா. சுருட்டை ஓரமா நிக்கிறான், பாவம். அவனை யாரும் பாக்கல.

ஏய்... ஏய், எந்திரிக்காதே. அக்கா சொல்றேன், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கெட. முதலாளி கீழே இறங்கி வர்றார். வைக்கிறேன்.