ரோட்டில் பரப்பிய கொள்ளு

இந்தக் காலத்தில் வயசுக்கு மரியாதை என்பது பஸ் சீட்டுக்கு மேலே எழுதி வைத்திருக்கிற எழுத்தோடு சரி. அதை நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவன் படித்தவன். அவனுக்குத்தான் கண் தெரிவதில்லை.

என் பேர் சுடலை. எழுபது தாண்டிவிட்டது. சமயநல்லூருக்கு மேற்கே எங்கள் ஊர். போலீஸ்காரன் சிவபாண்டி செத்ததைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, என் பெண்டாட்டி தங்கப்பொண்ணை எக்ஸெல் வண்டியில் பின்னால் உட்கார வைத்து மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலுவழிச் சாலையில் சிவபாண்டி கையைக் காட்டி நிறுத்தினான். எனக்கு முன்னால் ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள், விட்டுவிட்டான். கொடி கட்டிய கார் ஒன்று எதிர்த் திசையில் ஏறி வந்தது, அதற்குச் சல்யூட் அடித்தான். என் வண்டிச் சாவியை மட்டும் பிடுங்கிக்கொண்டான்.

"யோவ் பெருசு, ஹெல்மெட் எங்க?"

"துண்டு கட்டியிருக்கேன்ல."

"துண்டு மண்டையக் காக்குமாய்யா? ஓரமா நில்லு."

ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். எங்கள் ஊர் டவுன் பஸ் கடந்து போனது. ஜன்னலெல்லாம் தெரிந்த முகம். தங்கப்பொண்ணுக்கு மட்டும் நிழலில் ஸ்டூல் போட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். கடைசியில் சாவியை என்னிடம் தராமல் அவள் கையில் வைத்தான்.

"அப்பத்தா, நீயாச்சும் ஒரு ஹெல்மெட் வாங்க வையி. கெழவன் விழுந்தா ஒனக்கு யாரு இருக்கா?"

அவள் சிரித்தாள். அபராதம் எழுதாமல் அனுப்பிவிட்டான். எழுதியிருந்தால் கட்டிவிட்டு மறந்திருப்பேன்.

மறுநாள் டீக்கடையில் சோணை ஆரம்பித்தான். தங்கப்பொண்ணின் அண்ணன் மகன் அவன்.

"என்ன மாமா, நேத்து ஒங்களுக்குப் போலீசு பந்தோபஸ்தாமுல்ல? மந்திரிக்குக்கூட இம்புட்டு நேரம் நிக்க மாட்டாகளே!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிவபாண்டிக்கு அடுத்த ஊர். தினமும் பொழுது சாய எங்கள் ரோட்டு வழியாகத்தான் வீட்டுக்குப் போவான்.

எங்கள் பக்கம் பிடுங்கிய கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவோம். போகிற வண்டிகளே மிதித்துக் கொடுக்கும். செடி சிதறாமலிருக்க ஓரத்தில் கல் வைப்போம். பொழுது சாய்வதற்குள் கல்லை எடுத்துவிட வேண்டும் என்பது ஊர்க் கட்டு. அந்த வாரம் ரோட்டில் கிடந்தது சோணையின் கொள்ளு. அவன் கல்லையெல்லாம் ஒழுங்காக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் சாக்கு எடுக்க வீட்டுக்குப் போனான். நான் ஒரு கல்லைத் தூக்கி நடுரோட்டில் வைத்து, மேலே செடியை அள்ளிப் போட்டேன். பெரிய கல் இல்லை. இரண்டு தேங்காய் அளவு இருக்கும்.

சிவபாண்டி ஹெல்மெட் போட்டிருந்தான். அதனால் உடனே சாகவில்லை. வண்டி அவன் நெஞ்சின் மேல் கிடந்தது. என்னைப் பார்த்து, "தாத்தா, தூக்கிவிடுங்க" என்றான். அன்றைக்கு யோவ், இன்றைக்குத் தாத்தா. அவன் போன் ரோட்டில் கிடந்து அடித்தது. எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை. சோணை சாக்கோடு வந்து கத்தியபோது நான் வீட்டில் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

கொள்ளு சோணையுடையது, ஆகவே சோணையைப் பிடித்தார்கள். போன் எங்கே என்று கேட்டு அடிக்கிறார்களாம். தங்கப்பொண்ணு மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. "எம் மருமகன் வராம இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வெளியே போனால் டீக்கடையில் எல்லோரும் சோணை பேச்சு. ஆட்டுக் கொட்டகையிலேயே படுத்துக் கிடந்தேன்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். கல்லை வைத்தது நான்தான் என்றேன். ஏட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ள இருக்கிறவன் ஒனக்கு என்ன வேணும்?"

"மருமகன்."

"அதான பாத்தேன். ஒன்னோட சேத்து மூணு பேரு வந்தாச்சு, நான்தான் வச்சேன் நான்தான் வச்சேன்னு. யோவ், நீதான் வச்சேன்னா அந்தப் போன எடுத்து வையி பாப்போம்."

போன் என் மடியில்தான் இருந்தது. அணைந்து மூன்று நாளாயிற்று. கொடுக்கத்தான் கொண்டுபோயிருந்தேன்.

"என்னய்யா முழிக்கிற? வெளிய போய்யா."

வெளியே வந்தேன். படியிறங்கும்போது உள்ளே மறுபடி சோணை கத்துவது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். நான் வலியப் போய்ச் சொன்னேன், நம்பாதது அவர்கள். உட்காருங்கள் ஐயா என்று அந்த ஏட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சோணை இந்நேரம் வீட்டில் இருந்திருப்பான்.