துண்டுக்குள் ஒத்திகை

"ஹலோ... ஹலோ... ஆங், சொல்லு மாப்ள... கேக்குது, கேக்குது, கத்தாத. எங்க நிக்கற? ...பாறை மேலயா. அங்கயே நில்லு, எறங்குனா டவர் பூடும்... ம்... ம்... யாரு வந்துருக்காங்க? ...லாரியா? நம்ம வூட்டுக்கு எதுக்கு லாரி?"

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில், தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அரங்கநாதன் பேசிக்கொண்டிருந்தார். மதியம் இரண்டு மணி. எதிர்முனையில் வெள்ளிமலையிலிருந்து அவர் மனைவி நிர்மலாவின் தம்பி வெற்றிவேல். அக்கா புருஷன் மேல் அவனுக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல. அந்த மரியாதைதான் இன்றைக்கு லாரியாக வந்து வாசலில் நின்றது.

"...மாடு ஏத்தவா? எந்த மாடு? ...செவலையும் மயிலையுமா? உங்கப்பாவோட ஏர் மாட்டயா? ...யாரு வித்தது? ...நீயா? ...மாப்ள, மழை பேஞ்சு மூணு நாளாவுது. நாளைக்கு ஏர் பூட்டி சாமை வெதைக்கணும்னு மாமா சொல்லிக்கினு இருந்தாரே... ஆமா... ஆமா... அவரு எங்க? ...வெதை வாங்க போயிருக்காரா. எப்ப வருவாரு? ...சாயந்திர பஸ்ஸுக்கு. சரி. அழாத. ஏன் வித்த, அத சொல்லு."

பதில் கொஞ்சம் நீளமாக வந்தது. கேட்கக் கேட்க அரங்கநாதனின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது.

"...எந்த புக்கு? ...என் புக்கா?"

அவருடைய புக்குதான். 'மூன்றரைக்குள் முப்பது வழிகள்.' காலையில் ஷேர் வாங்கி, சந்தை மூடுகிற மூன்றரை மணிக்குள் விற்று, அன்றன்றைக்கே லாபம் பார்க்க முப்பது உத்திகள். நான்கு இங்கிலீஷ் புத்தகங்களையும் ஏழெட்டு வீடியோக்களையும் கலந்து, தன் கடை மெஷினிலேயே அடித்து, ஸ்பைரல் போட்டு விற்க ஆரம்பித்தார். இப்போது அச்சுப் புத்தகமாகி நான்காம் பதிப்பு. சந்தில் எல்லோருக்கும் அவர் 'ஷேர் சார்.' அவர் ஷேர் வாங்கி விற்றது மொத்தம் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் ஸ்கூட்டர் போய்விட்டது. சர்வீஸுக்கு விட்டிருப்பதாக நிர்மலாவிடம் சொல்லி மூன்று வருஷமாகிறது.

"மூணாவது அத்தியாயமா... இரு, எடுத்துக்கறேன்... ஆங். 'சந்தையில் இறங்கும் முன் குறைந்தது ஒரு மாதம், பணம் போடாமல் வாங்கி விற்றுப் பழகவும்.' ஆமா, போட்டுருக்கேன். சரியாத்தான போட்டுருக்கேன்... மாப்ள, அது ஷேர் சந்தை. மாட்டுச் சந்தை இல்ல... ஷேருன்னு போடலதான். முன்னாடி பக்கத்துல போட்டுட்டேன், திரும்பத் திரும்ப எத்தினி எடத்துல போடுவாங்க? ...அட்டையிலயா? அட்டையில காளை மாடு... அது வந்து... மார்க்கெட் ஏறுனா காளைன்னுவாங்க மாப்ள. எல்லா புக்குலயும் காளை இருக்கும், அதான் நானும் போட்டேன்."

மலையில் டவர் கிடைக்கிற பாறையே ஊருக்கு ஒன்றுதான். அதில் ஏறி நின்று ஷேர் பழக முடியாது என்பதால், வெற்றிவேல் பழகுவதற்கு மலைக்குக் கீழே, கீழ்நாட்டுப் புதன்கிழமை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறான். அட்டையிலும் காளை, சந்தையிலும் காளை. அவன் மேல் குற்றம் சொல்ல அரங்கநாதனுக்கே வாய் வரவில்லை.

"...எவன் துண்டுல கைய வுட்ட? ...தரகர் துண்டுலயா. ...வூட்டு மாட்ட போன்ல போட்டோ காட்டிட்டா. வுட்டுட்டு? ...மூணு விரல புடிச்சாரா. நீ இன்னா பண்ண? ...நாலு விரல புடிச்ச. ...சும்மா பழகறதுக்கு. ...அவரு திரும்பவும் புடிச்சாரா. நீ சரின்னு கைய அமுக்கிட்ட. ...மாப்ள, துண்டுக்குள்ள எவனாச்சும் பழகுவானா?"

மாட்டுச் சந்தை தெரிந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே வாயால் விலை பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேரம். கையை அமுக்கிவிட்டால் விற்றது விற்றதுதான். பத்திரம் கூட மாறும், துண்டுக்குள் கொடுத்த கை மாறாது. அங்கே போய் ஒத்திகை பார்த்த முதல் ஆள் வெற்றிவேலாகத்தான் இருப்பான்.

"...அச்சாரம் குடுத்தாங்களா? ...நீ வாங்குனியா? ...பழகறவனுக்கு எவன்டா அச்சாரம் குடுப்பான்? ...அச்சு அசலா இருந்துச்சா. நல்லா இருந்துச்சா. ...அந்தக் காசுல பரோட்டா சாப்ட்டியா. ரொம்ப சந்தோஷம்... இல்ல, இல்ல, திட்டல. இரு, கடைக்கு ஆளு வந்துருக்கு... இன்னாங்க, ஆதாரா? முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே பக்கத்துலயா? வெச்சிட்டுப் போங்க... தம்பிக்கு இன்னா? ...அந்த புக்கா? முந்நூறு ரூபா தம்பி. நாலாவது பதிப்பு. போன பதிப்புல இருந்த எழுத்துப்பிழையெல்லாம் எடுத்தாச்சு... தாராளமா படிக்கலாம். மொதல்ல ஒரு மாசம் காசு போடாம... அது உள்ள போட்டுருக்கு தம்பி, நீயே படிச்சுக்கோ... ஆங், மாப்ள, சொல்லு."

முந்நூறு ரூபாயை மேஜை இழுப்பறைக்குள் போடும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. ஆனால் போட்டுவிட்டது.

"...பதினேழாவது வழியா? அது இதுக்கு ஒத்து வராது மாப்ள. ...ஆமா, 'கை மீறிப் போனால் உடனே வெளியே வா'ன்னு போட்டுருக்கேன். எப்பிடி வரதுன்னா... அத ஒவ்வொருத்தர் சாமர்த்தியத்துக்கு வுட்டுருக்கேன். நீ ஒண்ணு பண்ணு, வாங்கனவர்கிட்ட போன குடு. நான் பேசறேன். அவரயும் பாறை மேல ஏத்து... மெதுவா, வழுக்கப் போவுது... 

வணக்கங்க. வணக்கங்க. நான் இந்தப் பையனோட அக்காவ கட்டுனவங்க. கள்ளக்குறிச்சியில கடை வெச்சிருக்கேன்... ஆமாங்க... ஆமாங்க... கை குடுத்தது குடுத்ததுதாங்க, நான் இல்லன்னு சொல்லல. பையனுக்கு வெவரம் பத்தாதுங்க. அது அவங்க அப்பாவோட ஏர் மாடு. பெரியவரு சாயந்திரம் வந்து தொழுவத்த பாத்தாருன்னா மனசு வுட்டுடுவாரு. அச்சாரத்த ரெட்டிப்பா திருப்பிடறோங்க... வேணாங்களா... உங்களுக்கும் ஏர் பூட்டணுமா. எந்த ஊருங்க? ...மணலூர்பேட்டையா. அங்கல்லாம் டிராக்டர்லதான ஓட்டுவாங்க... இருந்துச்சா. ...வித்துட்டீங்களா. ஏங்க, நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிய... ஷேருலயா. அடடா. யாரு பேச்சங்க கேட்டீங்க? ...ஆளு இல்லீங்களா. ...புக்கா."

அரங்கநாதன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

"...முப்பது வழியா. ...கேள்விப்பட்ட மாதிரிதாங்க இருக்குது. ...எத்தினி வழி பாத்தீங்க? ...இருவத்திரெண்டு. இருவத்திரெண்டாவதுல டிராக்டர் போச்சா. ...இல்லீங்க, மீதி எட்டயும் பாத்துருக்கணும்னு நான் சொல்லல. ...ஆங்... ஆங்... கேட்டுக்கினுதாங்க இருக்கேன். ...அதுவும் நியாயந்தாங்க. ...பொண்ணு காலேஜா. ...நின்னுடுச்சா. ...எழுதனவரயா? எனக்கு எப்பிடிங்க தெரியும்? கள்ளக்குறிச்சி பெரிய ஊருங்க."

உள்ளுக்குள் அவருக்கு அவமானமாக இருந்தது. ஸ்கூட்டர் போனபோதுகூட இப்படி இல்லை. 'ஐயா, அது நான்தான்' என்ற மூன்று சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டார். மாமனாரின் மாடா, தன் மானமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார் என்று சொன்னால் அது பொய். அவ்வளவு நேரமெல்லாம் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"...சரிங்க. நீங்க சொல்றது சரிதாங்க. பையன்கிட்ட போன குடுங்க... 

மாப்ள, நல்லா கேளு. மாட்ட அவுத்து ஏத்தி வுட்டுடு... ஏத்தி வுடுன்றேன். ...மாமாகிட்ட நான் பேசிக்கறேன். கை குடுத்துட்ட, இனிமே பேச்சு மாறக் கூடாது. மனுஷன் கஷ்டப்பட்டவரு... அது கெடக்கட்டும், அந்த புக்கு எங்க? உன் கையிலயா? எடுத்து இடுப்புல சொருவு. அவரு கண்ணுல காட்டாத. ...ஏன்னு அப்பறம் சொல்றேன். சொருவு மொதல்ல... இன்னாது? ...அவருகிட்டயா இருக்குது? ...யாரு குடுத்தது? ...நீயா? எப்ப? ...இப்ப, போன வாங்கறப்பவா. ...பழகறதுக்குத்தான் துண்டுல கைய வுட்டேன்னு நம்ப வெக்க, மூணாவது அத்தியாயத்த காட்டுனியா. ...எங்க அக்கா வூட்டுக்காரருதான் எழுதனாருன்னு... பெருமையா சொன்னியா. ...இப்ப இன்னா பண்றாரு? ...பின்னாடி அட்டைய பாக்கறாரா. அதுலதான்டா என் போட்டோ இருக்குது. ...இன்னா சொல்றாரு? ...சிரிக்கறாரா."

ஆதார் அட்டைக்காரம்மா வந்து ஜெராக்ஸ் எடுத்தாச்சா என்று சைகையால் கேட்டார். அரங்கநாதன் கும்பிட்டு, அப்புறம் வரச் சொன்னார்.

"...சொல்லு, சொல்லு. ...உன் தோள்ல கைய போட்டாரா. ...'உன்னயும் கெடுத்துட்டானா தம்பி'ன்னாரா. ம். ...இன்னா? மாட்ட எறக்கறாங்களா? ...வேணான்னுட்டாரா? நெசமாவா? ...துண்ட உதறி உன் தோள்ல போட்டாரா. அப்ப பேரம் வாபஸ்தான் மாப்ள. ...அச்சாரத்தயும் நீயே வெச்சிக்கன்னுட்டாரா. ...கட்டியாச்சா? செவலைக்குத் தண்ணி காட்டு. ...அப்பாடா. நல்ல மனுஷன் மாப்ள. இந்தக் காலத்துல யாரு இப்பிடி வுடுவாங்க... ஆமா... ஆமா... நாளைக்கு மாமா ஏர் பூட்டிக்கலாம். நீ வாயத் தொறக்காத, அவருக்கு ஒண்ணுமே தெரிய வேணாம்."

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாட்டை விட்டுக்கொடுக்கச் சொன்னது தான்தான் என்பது அந்த நிமிஷத்தில் அவர் நினைவில் இல்லை.

"...லாரி கெளம்பிடுச்சா. சரி. ...பத்தரமா போகட்டும். ...மணலூர்பேட்டைக்குத்தான? ...கள்ளக்குறிச்சிக்கா? இங்க இன்னா வேல அவருக்கு? ...உன் புக்க எதுக்கு எடுத்துக்கினு போறாரு? ...கையெழுத்து வாங்கவா. ...அவருதான் சொன்னாரா, இல்ல நீயா நெனச்சிக்கினியா? ...அவரே சொன்னாரா. எழுதனவரு கைய பாக்கணும்னு. ...மாப்ள, 'கையெழுத்த'ன்னாரா, 'கைய'ன்னாரா? ...நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு. ...சரி, லாரியில எத்தினி பேரு? ...நாலு பேரும் வராங்களா. ...தரகரும். ...கடை எங்க இருக்குதுன்னு நீயா சொன்ன? ...எத்தினி மணிக்கு... ஹலோ? ...மாப்ள, லாரி கெளம்பி எவ்ளோ நேரம் ஆச்சு? ...ஹலோ? ...ஹலோ?"