பக்கம் திறக்கும் முன்

அன்று கேன்டீனில் பொங்கலா உப்புமாவா என்பது எனக்கு நினைவில்லை. சில விஷயங்களை முன்பின்னாகச் சொல்லவும் கூடும். எப்சி அக்கா கேட்டதும் நான் சொன்னதும் மட்டும் மாறாது.

குரோம்பேட்டையில் அந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் அதுவரை கறுப்புத் திரையில் பச்சை எழுத்துதான். அந்தத் திரைகளை இணையப் பக்கங்களாக மாற்ற என்னை அனுப்பினார்கள். வேலையை அங்கேயே கற்றுக்கொண்டேன். எந்த இடத்தில் பெயர், எந்த இடத்தில் அளவு என்று திரையைப் பிரித்துப் பக்கமாக எழுதுவேன். அழகாகவே வந்தது.

மருந்துச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றும் எப்சி அக்கா திரையைப் பார்க்கவே மாட்டார். மருத்துவரின் சீட்டில் கண், விசைகளில் விரல். அடுத்த திரை வருவதற்குள் அதற்கானதையும் அடித்து முடித்திருப்பார். பழைய கணினி அதைப் பிடித்து வைத்திருந்து, திரை வந்ததும் வரிசையாக நிரப்பும்.

என் பக்கத்தை முதலில் பார்த்த அன்று, “தம்பி, இது தொறக்கறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி சோறு வடிச்சுட்டே வந்துடுவேன்” என்றார். மருந்தகமே சிரித்தது. மருந்து வாங்க வந்திருந்த நர்ஸ் ஜான்சி சிஸ்டர் வார்டிலும் போய்ச் சொன்னார். அதன்பின் அங்கே என் பெயர் சோறு தம்பி. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

பிறகு அவரைப் போலவே அடித்துப் பார்த்தேன். பக்கம் திறக்கும் முன் அடித்தவை காணாமல் போயின. 0.5 என்று அடித்தால் பூஜ்யமும் புள்ளியும் போய் 5 மட்டும் நின்றது. பக்கம் திறக்கும்வரை அடிப்பவற்றைப் பிடித்து வைக்கச் சில வரி நிரல் போதும். எழுதவில்லை. திரையைப் பார்த்து வேலை செய்யுங்கள் என்பது பெரிய கோரிக்கை இல்லை. இப்போதும் அதையே சொல்வேன்.

புதிய பக்கம் தொடங்கிய காலையில் எப்சி அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் கேலி இல்லை.

“தம்பி, முன்னாடியே அடிச்சா எடுத்துக்குமா?”

“எடுத்துக்கும்க்கா. எப்பவும் போல அடிங்க.”

எல்லார் முன்னாலும் ஒருமுறை தவறட்டும் என்று நினைத்தேன். ஏதாவது இருமல் மருந்தில், சத்து மாத்திரையில்.

சவுரிமுத்து திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுபவர். இடுப்பில் அறுவை முடிந்து வார்டில் இருந்தார். அவருக்கு வாயில் ஊட்டும் வீரியமான வலி மருந்து, 0.5 மில்லி. எப்சி அக்கா அடித்தபோது நான் பின்னால்தான் நின்றிருந்தேன். லேபிளில் ஐந்து மில்லி என்று அச்சானதைப் பார்த்தேன். வார்டில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்கள், அப்போது நான் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். ஐந்து மில்லி என்பது ஒரு சின்னக் கரண்டி. யாருக்கும் சந்தேகம் வராத அளவு. பாட்டில் திரும்பி வரவில்லை.

சவுரிமுத்து மாலைக்குள் இறந்தார். மருந்து ஊட்டிய ஜான்சி சிஸ்டரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எப்சி அக்கா மேல் வழக்கு நடக்கிறது. தாம்பரம் நீதிமன்றத்துக்கு அவர் கணவர் ஸ்கூட்டரில் கூட்டிவருகிறார். எனக்கு இன்னொரு மருத்துவமனையின் திரைகளையும் கொடுத்திருக்கிறார்கள். அடிப்பவற்றைப் பிடித்து வைக்கும் அந்தச் சில வரிகளை மறுநாள் காலையிலேயே எழுதிச் சேர்த்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை.