பாக்கம் மலைக்கு ஒரு பிளான்

— கெளம்புன எடத்துக்கே திரும்பி வரணும்னா எதுக்குங்க போவணும்? அங்கயே ஒரு டீ குடிச்சிட்டு உக்காந்துக்கலாமே.

— மிஸ்டர் அன்புச்செல்வன், அதுக்குப் பேருதான் லூப்பு. ஒரு பக்கமா ஏறி, மலையைச் சுத்திக்கினு, இன்னொரு பக்கமா எறங்கணும். போன வழியிலயே திரும்புறதுலாம் கெடையாது. சரிங்களா?

— வாஸ்தவந்தாங்க புனிதா. எவ்ளோ தூரம் வரும்?

— பத்து கிலோமீட்டர்தான். ரொம்ப கஷ்டமும் இல்ல, ரொம்ப ஈஸியும் இல்ல. மீடியம்.

— பத்தா? விழுப்புரத்துல எங்க தண்ணி மோட்டார் கடைக்கு எதிர்த்தாப்லதான் பரோட்டா கடை. அதுக்கே நான் வண்டியிலதாங்க போறேன்.

— தெரியுதுங்க. போன வாரம் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டு வாசப்படி ஏறுறதுக்குள்ளயே உங்களுக்கு மூச்சு வாங்குச்சு.

— அது மூச்சு இல்லீங்க, டென்ஷன். உள்ள நீங்க இருக்கீங்களேன்னு.

— அப்ப மலைக்கு வேணாம்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

— வந்துங்க, அது வாஸ்தவந்தான்... ஆ! இல்லீங்க, வர்றேன். கண்டிப்பா வர்றேன்.

— இன்னா அது, போன்ல ஆன்னு ஒரு சத்தம்?

— கொசுங்க. கடிச்சிடுச்சி.

— பட்டப்பகல்லயா?

— விழுப்புரத்துக் கொசுவுக்கு ராப்பகல்லாம் கெடையாதுங்க.

— சரி, பிளானைக் கேட்டுக்கங்க. ஞாயித்துக்கெழமை விடிகாலையில நான் திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறிடுவேன். லேப்ல எங்கூட வேலை செய்யற பொண்ணுங்க ரெண்டு பேரும் வர்றாங்க. நீங்க விழுப்புரத்துலேர்ந்து நேரா செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. பாக்கம் மலைக்காட்டுக்கு பாரஸ்ட் ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கியாச்சு. வாட்சர் ஒருத்தர் வழி காட்டுவாரு.

— சாப்பாடுங்க?

— உரிச்சித் திங்க அவிச்ச மல்லாட்டை, கேப்பை அடை. தண்ணி அவங்கவங்க தூக்கணும்.

— நான் வேணா பிரியாணி பார்சல் கட்டிக்கினு...

— வாசனைக்குக் கொரங்கு வந்துடும்.

— கொரங்கு இருக்குதுங்களா?

— கொரங்கு பரவால்ல. மலைப்பாம்புதான் கொஞ்சம் பேஜாரு. கடிக்காது. சும்மா சுத்திக்கும், அவ்ளோதான்.

— அதுவும் லூப்புதானுங்களே.

— ஐயோ, சிரிக்க வெக்காதீங்க. நான் சீரியஸா பேசிக்கினு இருக்கேன். மேல போனா பாறையில ஒரு சந்து வரும். ஒவ்வொருத்தரா தவழ்ந்துதான் போவணும். ரெண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம்.

— மீடியம்னு சொன்னீங்களே?

— நடுவுல வர்றதால மீடியம்.

— புனிதா, ஒரு உண்மை சொல்லட்டுங்களா? எனக்கு ஒசரம்னாலே பயம். மொட்டமாடி டேங்க்கு ரொம்புச்சான்னு எட்டிப் பாக்கக்கூட எங்க அம்மாதான் ஏறுவாங்க. ஊருக்கே மோட்டார் விக்கிறவன் சொந்த டேங்க்கைப் பாக்க மாட்டேங்கறான்னு தெருவே சிரிக்கும்.

— இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? உங்களுக்கு முன்னாடி பொண்ணு பாத்துட்டுப் போனவரு, புலியையே கிட்டக்க பாத்தேன்னு சொன்னாரு. எங்கன்னு கேட்டா, வண்டலூர் ஜூவுலயாம்.

— எனக்குப் பொய் சொல்ல வரலீங்க. சொன்னா மாட்டிக்குவேன்.

— அப்ப நீங்க வரல. அவ்ளோதான? ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்.

— வரலன்னுதான்... ஆ! வர்றேன்ங்க, வர்றேன்!

— மறுபடியும் கொசுவா?

— பெரிய கொசுங்க. ஆனா நெஜமாவே நான் வர்றேன். தரகர் உங்க போட்டோ ரெண்டு குடுத்தாரு. ஸ்டூடியோவுல எடுத்ததுல நீங்க சிரிக்கல. ஏதோ மலை மேல, தலைமுடியெல்லாம் பறந்துக்கினு நிக்கறதுல சிரிக்கறீங்க. அந்தச் சிரிப்ப ஒருவாட்டி கிட்டக்கப் பாக்கணும். அதுக்குக் கண்ண மூடிக்கினாவது ஏறிடுவேன்.

— கண்ண மூடிக்கினா எப்பிடிப் பாப்பீங்க?

— அது வாஸ்தவந்தாங்க.

— த பாருங்க, நீங்க இப்பிடிப் பேசுனா எனக்குக் கஷ்டமா இருக்குது. நானும் உண்மையச் சொல்லிடறேன். உங்கள வர வெக்கறதுக்கு நான் இந்தப் பிளானைப் போடல. ஓட வெக்கறதுக்குப் போட்டேன்.

— ஓடறதுக்குங்களா?

— எங்க அப்பாவப் பாத்தீங்க இல்ல, சக்கரபாணி? எங்க ஊருப் பக்கம் யாரு வீட்டுச் சண்டைன்னாலும் அவருதான் பஞ்சாயத்து. மாப்ள வேணாம்னு சொன்னா போவட்டும், பொண்ணு வேணாம்னா என் மானம் போயிடும்னு கண்டிஷனா சொல்லிட்டாரு. அதான், நீங்களே வேணாம்னு சொல்லட்டும்னு பாத்தேன்.

— என்னைப் புடிக்கலீங்களா?

— உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. எங்க அக்காவும் நானும் ஞாயித்துக்கெழமை ஆனா ஒண்ணா மலை ஏறுவோம். கல்யாணம் ஆச்சு, இப்ப ஞாயித்துக்கெழமைன்னா வடை சுட்டுக்கினு கெடக்கறா, மாமியார் வீட்டு ஜனத்துக்கு. கால வெளிய வெக்க வுடறதில்ல. எனக்கும் அதே கதிதான் வரும்.

— புனிதா, வந்துங்க... அது கொசு இல்ல.

— இன்னா?

— எங்க அம்மாங்க. பக்கத்துலதான் இருக்காங்க. போன் ஸ்பீக்கர்ல இருக்குது. நான் வேணாம்னு வாயத் தொறந்தா தொடையிலயே கிள்றாங்க.

— ஐயையோ! எப்பலேர்ந்து கேட்டுக்கினு இருக்காங்க?

— நீங்க ஹலோ சொன்னதுலேர்ந்து.

— குடுடா போனை. எம்மா புனிதா, நான் அம்சவள்ளி பேசறேன். கோச்சிக்காத கண்ணு.

— நீங்கதான்மா மன்னிக்கணும். நான் பாட்டுக்கு வடை, மாமியாருன்னு...

— சொன்னதுல இன்னா தப்பு? இருவத்தஞ்சு வருசமா சுட்டேன். செஞ்சி மலையை நான் பஸ் ஜன்னல்லேர்ந்து பாத்ததோட சரி. த பாரு, போன வாரம் உங்க வீட்டு வாசல்ல சேறு காயாம ஒரு ஷூ கெடந்துச்சி. யாருதுன்னு கேட்டேன். தம்பியுதுன்னு உங்கம்மா சொன்னாங்க. உனுக்குத் தம்பியே கெடையாதேன்னு நெனச்சிக்கினேன்.

— அது என்னுதுதான்மா.

— தெரியும் கண்ணு. இப்ப நான் சொல்றதக் கேளு. உனுக்குக் கல்யாணம் வேணாம்னா வுட்டுடு. உங்கப்பாகிட்ட நான் பேசறேன், எம் புள்ளைக்குத்தான் இஷ்டமில்லன்னு. கெட்ட பேரு எங்க மேலயே இருக்கட்டும். உன்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

— யம்மா! எனக்கு இஷ்டம் இருக்குதே!

— நீ சும்மா கெடடா. உன்னைய யாரு கேட்டது?

— எனக்காக நீங்க எதுக்கும்மா பழியத் தூக்கிக்கணும்?

— சும்மா ஒண்ணும் தூக்கிக்கல. ஞாயித்துக்கெழமை என்னைய இட்டுக்கினு போவணும். பத்து கிலோமீட்டரும் நடப்பேன். அந்தச் சந்துலயும் தவழ்வேன்.

— யம்மா, உனுக்கு முட்டி வலி.

— தெனம் தெனம் உன் டேங்க்கு மேல ஏறி எறங்கறப்ப எங்கடா போச்சு அந்த முட்டி?

— அந்தச் சந்து பொய்ம்மா. இவரப் பயமுறுத்தச் சொன்னேன். மலைப்பாம்பையும் நான் பாத்ததில்ல. ஓடையோரமா ஏறுனா மேல ஒரு பெரிய பாறை. அங்க நின்னா ஏரியும் வயலுமா கண்ணுக்கு எட்டுற வரைக்கும் தெரியும், காத்து ஆளையே தூக்கும். அவ்ளோதான்.

— அட, சந்து இல்லியா? ஆசையா இருந்தேனே. சரி, பாறையாவது இருக்குதே, போதும். போனை வெய்யி. ஜல்தியா உங்கப்பாகிட்ட பேசிடறேன்.

— இப்பவே சொல்லிடுவீங்களா?

— பின்ன? அவரு ஜவுளி எடுக்கக் கெளம்பறதுக்குள்ள சொன்னாத்தான் மரியாதை. வெச்சிடட்டுமா?

— இருங்க, அப்பாவுக்குப் போன் போட வேணாம். ஞாயித்துக்கெழமை உங்க புள்ளையையும் கையப் புடிச்சி இட்டுக்கினு வாங்க, அத்தை.