டிக்கிக்குள்ள பிடிச்சது யாரு

மத்தியானம் ரெண்டே கால் மணி. ஆமா, மத்தியானம்தான்... ராத்திரிதான் இந்த மாதிரி விஷயமெல்லாம் நடக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது? வெயில் மண்டையப் பிளக்குது. ஒரு மூடிப்போன செங்கல் சூளை. அதைத் தாண்டிட்டா மூணு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ரோடு மட்டும் நேரா போயிட்டே இருக்கு. அந்த ரோட்டுல ஒரு குட்டி லாரி உறுமிக்கிட்டு வருது. அதுக்குப் பின்னாடி சங்கிலி போட்டு இழுத்துட்டு வர்றது... ஒரு பழைய கார்.

கொஞ்சம் கிட்ட வாங்க. கத்திப் பேச முடியல.

இது எனக்கு நடந்தது இல்லப்பா. நடந்திருந்தா இப்படி உக்காந்து பேசுவேனா? என் கூட்டாளி இருக்கான்ல, அவன் பொண்டாட்டியோட பெரிய அண்ணனுக்கு நடந்தது. மாடிக் கட்டடங்கள்ல லிப்ட் ரிப்பேர் பாக்குறவரு. குடும்பத்துல எல்லாருக்கும் அவரு லிப்ட்காரர்தான். நிதானமான மனுஷன். கோவமே வராது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க... கையை ஓங்கத் தெரியாத மனுஷன்.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. துணிக் கூரை போட்ட பழைய கார் ஒண்ணு வேணும். கூரையை மடக்கிப் பின்னாடி தள்ளிட்டு, காத்துல ஜம்முன்னு போகணும். "தலைமுடியெல்லாம் சிக்காகும், அதையும் நீங்களே எடுத்து விடுங்க"ன்னு சம்சாரம் சொல்லும். "கூரை இல்லேன்னா மழைக்கு நான்தான் குடை பிடிக்கணுமா?"ன்னு தம்பிக்காரன் கேப்பான். அவன் அச்சகத்துல வேலை பாக்குறவன். வாய் ஓயவே ஓயாது. அதனால அவனுக்கு ரேடியோன்னு பேரு. அண்ணன் வீட்டுலயே மாடி ரூம்ல இருந்தான். அண்ணன்னா உசிரு.

லாரிக்குப் பின்னாடி வந்துச்சே, அந்தக் காரைக் கொடுத்தது தனியா இருந்த ஒரு வயசான அம்மா. சாவியைக் கையில கூடக் குடுக்கலையாம், வாசப்படியில வச்சிட்டு உள்ள போயிட்டாங்களாம்.

வீட்டுக்குப் பக்கவாட்டுல தகரக் கொட்டாய் போட்டு வண்டியை உள்ள தள்ளுனாங்க. அன்னையிலிருந்து லீவு நாளெல்லாம் அங்கதான். பழைய பெயிண்டைச் சுரண்ட ஆரம்பிச்சாங்க. மேல வெள்ளை, அதுக்குக் கீழ நீலம், அதுக்குக் கீழ கறுப்பு. சீட்டைப் பிரிச்சா எலிக்கூடு. துணிக் கூரை தொட்டாலே கையோட பிஞ்சு வருது. லிப்ட்காரர் ஒவ்வொரு போல்ட்டா கழட்டி, மண்ணெண்ணெய்ல ஊற வச்சு, துடைச்சு, டப்பாவுல போட்டு எழுதி வைப்பாரு. கரும்பச்சை அடிக்கணும், சீட்டுக்குப் பழுப்புத் தோல் போடணும்னு அவரு. "ஸ்பீக்கர் பெருசா வைக்கணும்"னு ரேடியோ. "நீ இருக்கும்போது ஸ்பீக்கர் எதுக்கு?"ன்னு அண்ணி, அதான் லிப்ட்காரர் சம்சாரம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. டிக்கி மூடியில இருந்த பெயிண்டைச் சுரண்டுற வரைக்கும்.

பெயிண்டுக்குக் கீழ மொத்தையா பட்டி பூசி வச்சிருந்தாங்க. அதையும் எடுத்தா... தகரம் முழுக்க மேடு மேடா இருக்கு. ஒடுக்கு விழுந்தா பள்ளமாத்தானே விழும்? இது வெளிய புடைச்சுக்கிட்டு நிக்குது. எலுமிச்சம்பழ அளவுக்கு ஒவ்வொண்ணும். உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால அடிச்ச மாதிரி.

"ஏதாவது கனமான சாமான் ஏத்தியிருப்பாங்க"ன்னு லிப்ட்காரர் தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு.

மூடியைக் கழட்டிடலாம்னா கீல்ல இருக்குற போல்ட்டு துருப்பிடிச்சுக் கழல மாட்டேங்குது. அதனால ஒரு வழி பண்ணாங்க. ஒருத்தர் டிக்கிக்குள்ள படுத்துக்கிட்டு, புடைப்புக்கு அடியில ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கணும். மூடி பூட்டிக்காம இருக்க ஒரு மரக்கட்டையை இடுக்குல சொருகிடுவாங்க. வெளியேயிருந்து சுத்தியலால தட்டித் தட்டிச் சமமாக்கணும்.

ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணி. லிப்ட்காரர் கிரைண்டர் ஓட்டிட்டு இருந்தாரு. நிறுத்திட்டு, திரும்பிப் பாக்காமலே, "டேய், உள்ள படுத்துப் பிடி"ன்னாரு. வண்டி ஸ்பிரிங் கிரீச்சுன்னுச்சு. பின்பக்கம் லேசா இறங்குச்சு. சரி, படுத்துட்டான்னு நெனச்சு, உள்ள எட்டிப் பாக்காமலே மூடியை இறக்கிக் கட்டையைச் சொருகிட்டு அடிக்க ஆரம்பிச்சாரு.

டிக்... டிக்... டிக்...

அடியில இரும்பு இருந்தாத்தான் அந்தச் சத்தம் வரும். இல்லேன்னா தகரம் டொங்குன்னு கத்தும். அவ்வளவு சுத்தமா பிடிச்சிருக்கு. "கொஞ்சம் இடது பக்கம்"னாரு, நகந்துச்சு. "இன்னும் மேல"ன்னாரு, நகந்துச்சு. இருபது நிமிஷம். உள்ளேயிருந்து ஒரு பேச்சு இல்ல. பரவாயில்லையே, ரேடியோவுக்கும் இன்னைக்கு வேலையில கவனம் வந்துடுச்சுன்னு சிரிச்சுக்கிட்டாரு.

அப்ப கேட் திறக்குற சத்தம் கேட்டுச்சு.

ரேடியோ வர்றான். கையில உப்புத்தாளு, ரொட்டி பாக்கெட். "நீ கிரைண்டர் ஓட்டும்போதே சொல்லிட்டுத்தான் போனேன், கடையில ஒரே கூட்டம்ணே... என்ன, தனியா அடிச்சிட்டு இருக்க?"

லிப்ட்காரருக்குச் சுத்தியல் பிடிச்ச கை அப்படியே அந்தரத்துல நின்னுடுச்சு. மூடிக்கு அடியில அந்த இரும்பு... மெதுவா... அடுத்த புடைப்புக்கு நகருது. சர்ர்ர்ருன்னு தகரத்துல உரசுற சத்தம் ரெண்டு பேருக்குமே கேட்டுச்சு.

மூடியைத் தூக்கினாரு. உள்ள யாரும் இல்ல. இரும்புக் கட்டி மட்டும் கெடக்கு. தொட்டுப் பாத்தா ஒருத்தர் கையில இருந்த சூடு. ஒரு வாடை அடிச்சுது. பல் பிடுங்கின அன்னைக்கு வாயில வருமே... ரத்தமும் எச்சிலும் கலந்து... அந்த வாடை.

அண்ணி அன்னைக்கே சொல்லிட்டாங்க, "இது நமக்கு வேண்டாங்க. எடுத்த இடத்துலயே விட்டுட்டு வந்துடுங்க." லிப்ட்காரரும் தார்ப்பாயைப் போட்டு மூடிட்டாரு. ஆனா ரேடியோ சும்மா இருப்பானா? "கூலி கேக்காத ஆளுண்ணே, விட்டுடாத"ன்னு ஒரு வாரம் முழுக்க கிண்டல். பயம்தான். பயத்தைப் பேசிப் பேசி விரட்டப் பாக்குறவன் அவன்.

அடுத்த ஞாயிறு, மத்தியானம் மூணு மணி இருக்கும். அண்ணி மொட்டை மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க. ரேடியோ தார்ப்பாயை உருவிட்டு, டிக்கிக்குள்ள ஏறிப் படுத்துக்கிட்டான். "அண்ணே, வந்து பாரு. இப்ப நான் இருக்கேன். வேற யாருக்கும் இதுல இடம் இல்ல!"

"இறங்குடா"ன்னு சொல்லிக்கிட்டே லிப்ட்காரர் கிட்டப் போனாரு.

மூடி விழுந்துச்சு.

அப்ப மரக்கட்டை எதுவும் வைக்கல. பூட்டு கட்டக்குன்னு விழுந்துடுச்சு. உள்ள ரேடியோ சிரிக்கிறான். "அண்ணே, விளையாடாத. திற."

அப்புறம் ஒரு அடி. டொங்!

மூடியில ஒரு மேடு புடைச்சு வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. "அண்ணே!" இன்னொண்ணு. "அண்ணே, அடிக்காத... ஐயோ அண்ணே, பல்லு... பல்லு!"

லிப்ட்காரர் வெளிய நிக்கிறாரு. அவர் கையில ஒண்ணுமே இல்ல. ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்தாரு, இடுக்குல விட்டு நெம்புனாரு. அசையல. உள்ள அடி நிக்கல. தகரத்துல விழுந்த அடி குறைஞ்சு, வேற எதுலயோ விழ ஆரம்பிச்சுது. நனைஞ்ச துணியைக் கல்லுல அடிக்கிற மாதிரி... சத்தக்... சத்தக்... நடுவுல காஞ்ச குச்சி ஒடியுற மாதிரி ஒரு சத்தம். "அண்ணே, நான் என்ன பண்ணேன்? நான் என்ன..." அதுக்கு மேல பேச்சு வரல. வாயில ஏதோ நிறைஞ்சு கொப்பளிக்கிற சத்தம்தான்.

மூடி ஓரத்துல இருந்து ரத்தம் கோடு மாதிரி இறங்கி, நம்பர் பிளேட்டுல சொட்டுச்சு.

அண்ணி படியில விழுந்தடிச்சு ஓடி வந்தாங்க. அவங்க கண்ணால பாத்தது இதுதான்: மூடி சாத்தியிருக்கு, புருஷன் கடப்பாரையோட தொங்கிக்கிட்டுக் கதறுறாரு. அவங்களும் சேந்து கையை விட்டு இழுத்தாங்க. நகம் பேந்துடுச்சு. திடீர்னு... தானா திறந்துச்சு. அழுத்துனா திறக்குற டப்பா மாதிரி, மெதுவா, சத்தமே இல்லாம.

தாடை மூணு இடத்துல உடைஞ்சிருந்துச்சு. முன்பல்லு ஒண்ணும் இல்ல. வலது கை விரல் அஞ்சும் நசுங்கிப் போச்சு, தடுத்திருக்கான் பாருங்க. விலா எலும்பு நாலு ஒடிஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் காயத்தைப் பாத்துட்டு நிமிந்து கேட்டாராம், "யார் சுத்தியலால அடிச்சது?" ஒவ்வொரு காயமும் வட்டமா, ஒரே அளவு.

டிக்கிக்குள்ள சுத்தியல் இல்ல. லிப்ட்காரரோட சுத்தியல் சுவத்து ஆணியில தொங்குது. சொட்டு ரத்தம் இல்ல. அவர் சட்டையிலயும் இல்ல. ஆனா ஒண்ணு... மறுநாள் காலையில அவரால வலது தோளைத் தூக்கவே முடியல. வீங்கிக் கிடந்துச்சு. கடப்பாரையில நெம்புனதுதான்னு அண்ணி சொன்னாங்க. அவரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டாரு.

போலீஸ் வந்துச்சு. ரேடியோவுக்குத் தாடையைக் கம்பி வச்சுக் கட்டியிருந்துச்சு, பேச முடியாது. நோட்டுல இடது கையால கோணல் மாணலா எழுதிக் காமிச்சான். "மாடியிலிருந்து விழுந்துட்டேன்." டாக்டர் இல்லேன்னு தலையை ஆட்டுனாரு. போலீஸ்காரர் ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் அதையே எழுதினான். அவங்க போயிட்டாங்க.

காரை லிப்ட்காரர் அந்த வாரமே ஆள் வச்சு, கேஸ் கட்டரால வெட்டித் துண்டு துண்டா பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிட்டாரு. ஆனா தம்பி முகத்தைப் பாக்குற தைரியம் மட்டும் அவருக்கு வரல. வெளிய பெஞ்சுலயே உக்காந்திருப்பாரு. பதினோராம் நாள்தான் உள்ள போனாரு. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து, "ஏன்டா போலீஸ்கிட்ட பொய் எழுதின? நடந்ததை எழுதியிருக்கலாம்ல? நான் மூடியைத் திறக்கத்தானடா பாத்தேன்?"னு அழுதாரு.

ரேடியோ நோட்டை எடுத்தான்.

"மூடி மூடவே இல்லண்ணே. வெளிச்சம் இருந்துச்சு. கொட்டாய் தகரம் தெரிஞ்சுச்சு. நீதான் நின்ன. நீதான் அடிச்ச."

ரேடியோ நசுங்கின கையை அண்ணன் கை மேல வச்சான். சமாதானப்படுத்துற மாதிரி. பக்கத்தைத் திருப்பி மறுபடி எழுதினான். அந்தத் தாளை என் கூட்டாளியே பாத்திருக்கான்...

"உன்னைக் குத்தம் சொல்லலண்ணே. நீ அழுதுக்கிட்டேதான் அடிச்ச. உன் பக்கத்துல நின்னு, அடுத்து எங்க அடிக்கணும்னு என் மூஞ்சில விரல் வச்சு வச்சுக் காமிச்சாரே... அவர் யாருண்ணே?"