பச்சை மூடி டப்பா

குடித்த பாத்திரத்தைக் கழுவி வைக்கும் பழக்கம் இந்தக் காலத்து ஆட்களிடம் இல்லை. ஜிம் கண்ணாடி முன்னால் நின்று தன் புஜத்தைத் தானே தடவிப் பார்க்கிறவன், புரோட்டீன் மாவு கலக்கிக் குடித்த ஷேக்கரைத் தண்ணீரில் ஒரு அலசு அலச மாட்டான். மூடியை இறுக்கிப் பையின் அடியில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தாண்டிக் கொண்டுவந்து, "தாத்தா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டுவான். திறந்தால் உஸ்ஸென்று காற்று வரும். உள்ளே மாவு கலக்கப் போடுகிற கம்பிப் பந்தின் இடுக்கெல்லாம் மாவு கட்டி கட்டியாகப் புளித்துப் போயிருக்கும். செத்த எலிக்குச் சாக்லேட் பூசினால் எப்படி இருக்குமோ அந்த வாடை. விரலை விட்டுத்தான் தோண்டி எடுக்கவேண்டும். கழுவின கையை மறுநாள் காலையில் முகர்ந்தாலும் இருக்கும்.

இதை உங்களிடம் சொல்லலாம் தம்பி, நீங்கள் பவுடர் கம்பெனி ஆள். என் மருமகன் செத்ததற்கு உங்கள் கம்பெனிப் பவுடர்தான் காரணம் என்று தெருவே பேசுகிறது. பட்டாணிப் பவுடர் என்று எழுதி உள்ளே பால் பவுடரைக் கலந்துவிட்டீர்களாம். டப்பாவைச் சோதனைக்கு எடுத்துப்போக வந்திருக்கிறீர்கள். எடுத்துப் போங்கள். ஆனால் உட்காருங்கள், அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன். அந்த பெஞ்சில் வேண்டாம், அதில் வேர்வை ஊறிப்போயிருக்கிறது. இந்த ஸ்டூலில் உட்காருங்கள்.

நான் பால்காரன். படிப்பு அதிகமில்லை. மாடு வைத்துக் கறந்து, சைக்கிளில் வீடு வீடாக ஊற்றி மகளை வளர்த்தேன். தண்ணீர் கலந்தீரா என்று கேட்டால், கலந்தேன். கலக்காத பால்காரனை நான் பார்த்ததில்லை. அதனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும்: டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பக்கூடாது, விற்கிறவன் சொல்வதையும் நம்பக்கூடாது. வாங்குகிறவனுக்கு நாக்கே கிடையாது. நான் பாதிக்குப் பாதி ஊற்றிய வீட்டம்மாவே, "இன்னைக்குப் பால் நல்லா கெட்டியா இருக்கே" என்றிருக்கிறாள்.

முட்டி தேய்ந்தபின் மாடுகளை விற்றுவிட்டு மகள் வீட்டுக்கு வந்தேன். மருமகன் இந்த ஜிம்மை நடத்தினான். முன் மேசையில் மகள், துடைப்பமும் வாளியுமாக நான். "சும்மா உட்கார்ந்தா உடம்பு பிடிச்சுக்கும் மாமா, கொஞ்சம் நடமாட்டம் இருக்கட்டும்" என்றான். நடமாட்டம் என்பது கக்கூஸ் வரைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

இங்கே நான் துடைத்ததையெல்லாம் சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். பெஞ்சில் முதுகு முதுகாகப் பதிந்த வேர்வை. கண்ணாடியில் தெறித்த எச்சில். குளிக்கிற இடத்தில் சாக்கடை வாயை அடைத்த முடி, நெஞ்சைச் சிரைத்த முடி. மாவு குடித்தவர்கள் குனிந்து எடை தூக்கும்போது பின்னால் விடுகிற காற்று இருக்கிறதே, மாட்டுத் தொழுவத்தில் பாதி ஆயுளைக் கழித்த நானே மூக்கைப் பொத்தியிருக்கிறேன். மாடு புல் தின்கிறது, அதற்கு ஒரு நியாயம் உண்டு.

இவர்களில் பெரிய ஆள் என் மருமகன். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். உடம்பு முழுக்கச் சிரைத்து எண்ணெய் தடவி நிற்பான். உரித்த கோழியைக் கொக்கியில் மாட்டினது போல இருக்கும். அவன்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் கறந்த பாலில், அன்றைக்குத் தண்ணீர் கலக்காத பாலில், காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தம்ளரைத் தள்ளி வைத்தான். "பால் எனக்கு ஆகாது மாமா. ஒரு சொட்டு உள்ளே போனாலும் மூச்சு நின்னுடும்" என்றான். பால் விற்ற காசில் வளர்ந்த பெண்ணைக் கேட்டு வந்தவன், பால் விஷம் என்கிறான். பிறந்த கன்றுக்கு என்ன கொடுக்கிறோம் தம்பி. பிறந்த பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம். மூச்சு நிற்குமாம்.

அப்போதிருந்தே எனக்குச் சந்தேகம். சிலருக்குத் தங்களைப் பற்றி நாலு பேர் பயந்துகொண்டே இருக்கவேண்டும். இவன் வீட்டுக்குப் பால் வரக்கூடாது என்றான், தயிர் வரக்கூடாது என்றான். ஜிம்மில் எல்லாரும் பால் பவுடர் குடிக்க, இவனுக்கு மட்டும் பட்டாணிப் பவுடர், பச்சை மூடி டப்பா. இவன் ஷேக்கரைக் கழுவ வேறு பஞ்சு. பையின் முன்பக்கத்தில் ஒரு ஊசி, தடித்த பேனா மாதிரி. மூச்சு அடைத்தால் தொடையில் குத்தவேண்டுமாம். குத்த வேண்டிய வேளை ஒரு நாளும் வந்ததில்லை. பேனாவை மட்டும் காலாவதி ஆக ஆகப் புதிதாக வாங்குவான்.

ஒரு தடவை பஞ்சை மாற்றிக் கழுவினேன். வேண்டுமென்றுதான். அவன் குடித்தான். கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தான், உதட்டோரம் பூச்சி கடித்தது போல வீங்கியது. அத்தனை பேர் முன்னாலும் கத்தினான்.

"எந்தப் பஞ்சுல கழுவினீங்க மாமா?"

"எல்லாம் ஒரே குழாய்த் தண்ணிதானே" என்றேன்.

"இது விளையாட்டு இல்ல. கொன்னுடுவீங்க போலிருக்கே."

எடை தூக்கிக்கொண்டிருந்த ஒரு ஒல்லிக்குச்சி, மாவு குடித்தும் தேறாதவன், "மாஸ்டர், தாத்தாவுக்குப் பென்ஷன் கொடுத்து உட்கார வைங்க, இல்லேன்னா உங்களுக்குப் பால் ஊத்திடுவாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பஞ்சையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல, "அப்பா, இது மஞ்சள், இது பச்சை. பச்சை அவருக்கு. புரியுதா?" என்றாள்.

புரிந்தது. சொறிந்தான், வீங்கியது, சாகவில்லை. ஆக, அவன் சொன்னதில் பாதி நடிப்பு என்பது தெரிந்துவிட்டது. மீதிப் பாதியைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

அதையும் விட்டிருப்பேன். ஆனால் பேத்தி விஷயம் வந்தது. தாய்ப்பால் மறக்க வைக்கும் சமயத்தில் பசும்பால் கொடுத்துப் பார்த்தார்களாம், உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். டாக்டரும் அப்பனுக்கு இருப்பது பிள்ளைக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். என் பேத்தி, பால்காரன் பேத்தி, டப்பா மாவைக் கரைத்துக் குடிக்கிறாள். கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. "பால் பக்கமே போகக்கூடாதுப்பா, சத்தியம் பண்ணுங்க" என்று மகள் என் கையைப் பிடித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் புத்தி மாறிவிட்டது. யாராவது ஒருவர் இதைத் தீர்த்து வைக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. குழந்தையை நினைத்துத்தான்.

அன்றைக்குக் காலையில் கூட்டமில்லை. பெருக்கி முடித்துவிட்டு, அலமாரியில் இருந்த பால் பவுடரில் ஒரு கரண்டி எடுத்துப் பச்சை மூடி டப்பாவில் போட்டேன். இன்னொரு கரண்டியும் போட்டேன். குலுக்கினேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் ஒரே சுண்ணாம்பு நிறம், ஒரே பொய் வாசனை. பிறகு, அவன் பையை வைத்துவிட்டு உடை மாற்றப் போன நேரம் பார்த்து, அதிலிருந்து பேனாவை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. யோசித்துப் பாருங்கள். பேனா கையில் இருந்தால் அவன் லேசாக இருமினாலே குத்திக்கொள்வான். எழுந்து உட்கார்ந்து, "பார்த்தீங்களா, ஊசிதான் காப்பாத்திச்சு" என்பான். அப்புறம் ஆயுசுக்கும் அவன் சொன்னதுதான் உண்மை. பால் ஊற்றும்போது அளவுக் குவளையில் கை வைக்கக்கூடாது, அளவு தப்பிவிடும். அதுபோலத்தான்.

வந்தான். எடை தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு மாடு ஈனுகிற மாதிரி முக்கினான். பிறகு மாவைக் கலக்கி நின்றபடியே குடித்தான். மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையை நான் அப்போதுதான் துடைத்த கம்பியில் தேய்த்தான். "இன்னைக்கு டேஸ்ட் நல்லாயிருக்கே" என்றான். வீட்டம்மா ஞாபகம் வந்தது எனக்கு.

உதடு முதலில் தடித்தது. பிறகு கண்ணிமை. கழுத்தில் சிவப்பு சிவப்பாகக் கிளம்பி, எண்ணெய் பூசின தோல் கொப்புளித்து, வாயோரம் நுரையும் மாவுமாக வெளியே வந்தது. தரையை நான் இரண்டாம் தடவை துடைக்கவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பையைக் காட்டினான். மகள் முன் மேசையிலிருந்து ஓடிவந்து பையைத் தலைகீழாகக் கொட்டினாள். துண்டு, கையுறை, நாறின பனியன் எல்லாம் விழுந்தன.

"அப்பா, ஊசியைப் பார்த்தீங்களா? இங்கதான் இருந்துச்சு. அப்பா, தேடுங்களேன்."

நானும் குனிந்து தேடினேன். பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். பேனா நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. அவன் என் காலைப் பிடித்தான், என்னைத்தான் பார்த்தான். என் சட்டைப் பையைப் பார்த்தானா என்னவோ. கை பிசுபிசுவென்று இருந்தது. அந்தப் பிசுபிசுப்பு எனக்கு ஆகாது, காலை இழுத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வந்தபோது தேடுவதற்கு அவசியம் இல்லாமல் போயிருந்தது.

அவன் பாலால் செத்தான் என்று டாக்டர் எழுதியிருக்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை வருஷம் உங்கள் மாவைத் தின்ற உடம்பு அது. வேளைக்கு வேளை கலக்கி, ஊதி, சிரைத்து, எண்ணெய் பூசி, உள்ளே என்னென்ன அழுகிக் கிடந்ததோ. ஷேக்கரைத் திறந்தால் வருகிற வாடையை நான் அறிவேன். அதே சரக்குதானே வயிற்றிலும். இரண்டு கரண்டி பால் பவுடர் ஒரு ஆளைக் கொல்லும் என்றால், நான் ஊற்றின பாலுக்கு இந்நேரம் பாதி ஊர் காலியாகியிருக்க வேண்டும். பயத்தில் செத்தான் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் கம்பெனி கலக்கவில்லை. நான்தான் கலந்தேன், நான்தான் ஊசியை எடுத்தேன். இந்தாருங்கள் பேனா, அப்படியே புதிதாக இருக்கிறது. மேசையில் வைக்கிறேன். எனக்கு இது எதற்கு. போனை எடுக்கிறீர்கள், எடுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் ஓடிப்போகிற ஆள் இல்லை, வீடு அடுத்த தெருதான். ஒரு ஆளை வைத்து ஒன்றைத் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்பதை மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் கிளம்புகிறேன் தம்பி. மகள் ஏதோ சர்ட்டிபிகேட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வர நேரமாகும். பேத்தியைப் பக்கத்து வீட்டிலிருந்து நான்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். போகிற வழியில் ஒரு பாக்கெட் பால் வாங்கவேண்டும். எனக்குக் காப்பிக்கு அரைப் பாக்கெட் போதும்.